கடைசி வண்டி வர்ற வரைக்கும்

தொட்டுப் பாருங்க தம்பி, ஒண்ணும் பண்ணாது. சைலன்ஸர் பக்கம் மட்டும் கையக் கொண்டு போகாதீங்க, சுடும். இல்லீங்க, சுடாது. காலையிலயே நிறுத்துன வண்டி, இந்நேரம் ஆறிப் போயிருக்கும்.

ஆனைமலை பஸ்ஸுக்குத்தான நிக்கறீங்க? அது ஆடி அசைஞ்சு வரும். வாங்க, இந்தக் கல்லு மேல உக்காருங்க. அந்த மிக்ஸி ஜாரைக் கீழ வெச்சுக்கங்க, யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாங்க. நான் உக்காரக் கூடாதுங்க. நான் நிக்கோணும். வண்டிக்குப் பக்கத்துல, ரோட்டைப் பாத்து, கையக் காட்டறதுக்குத் தோதா நிக்கோணும். டூட்டிங்க இது.

கொஞ்சம் சத்தமாப் பேசறேன்னு நெனைக்காதீங்க. பல்லடத்துல தறி ஓட்டுனவன். தறி ஓடற எடத்துல மெதுவாப் பேசுனா நம்ம பேச்சு நமக்கே கேக்காது. தறியெல்லாம் வித்தாச்சு, தொண்டை மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்குது. எம்பேரு கொழந்தவேலுங்க. ஆனா குரூப்புல அல்லாரும் 'கம்பெனி அண்ணன்'னுதான் கூப்புடுவாங்க. அது ஏன்னு சொல்றேன், பொறுங்க.

மொதல்ல நான் ஏன் இங்க நிக்கறேன்னு சொல்லீர்றேன். இல்லாட்டி வண்டி ரிப்பேருன்னு நெனச்சுக்குவீங்க. அந்த டீக்கடைக்கார அம்மா அப்படித்தான் நெனச்சுட்டு மெக்கானிக் நம்பரெல்லாம் குடுத்துச்சு. இந்த வண்டிக்கு ரிப்பேரா! அந்தம்மாளுக்கு வேணும்னா ரிப்பேர் வரலாம், வண்டிக்கு வராது.

நாங்க ஒரு குரூப்பா வால்பாறை போறமுங்க. அல்லாமே பெரிய டூரிங் பைக்குங்க. முன்னால போறவர் நவநீதன். அவர்தான் லீடர், வழி தெரிஞ்சவர். கடைசியா வர்றவன் சபரீசன். நடுவுல மத்தவங்க. கூட்டமாப் போறப்ப ஒருத்தரை ஒருத்தர் தவற உட்டுருவோமில்லைங்களா? அதுக்கு ஒரு மொறை வெச்சிருக்கோம். ரோடு பிரியற எடத்துல லீடர் தனக்கு அடுத்தாப்ல வர்றவனைப் பாத்து ரோட்டோரத்தைக் கைகாட்டுவார். அவன் அங்கயே நிறுத்தீரோணும். பின்னால வர்ற ஒவ்வொருத்தருக்கும் 'இந்தப் பக்கம் திரும்பு'ன்னு காட்டோணும். அல்லாரும் போனதுக்கப்பறம் கடைசி வண்டி வரும். அந்தக் கடைசி ஆளு, நிக்கறவனைப் பாத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். இனி பின்னால யாரும் இல்ல, நீ கெளம்பலாம்னு அர்த்தம். கட்டை விரலைப் பாக்காம எடத்தை உட்டு நகரக் கூடாது. மழை பேஞ்சாலும் செரி, வெயில் அடிச்சாலும் செரி.

இன்னைக்கு இந்தப் பிரிவுல நவநீதன் என்னைக் கைகாட்டிட்டார். நான் எப்பவும் அவருக்குப் பின்னாலயேதான் வருவேன், எடம் உடமாட்டேன். அதனால எப்பவும் என்னைத்தான் நிறுத்துவார். நம்பிக்கையான ஆளாப் பாத்துத்தான நிறுத்துவாங்க? அல்லாரும் என்னைத் தாண்டி எடது பக்கம் திரும்பிப் போயிட்டாங்க. சபரீசன் மட்டும் பாக்கி. இப்ப வந்துருவான்.

ஏன் எந்திரிக்கறீங்க? அது பஸ் இல்லீங்க, தேங்காய் லாரி. உக்காருங்க.

வண்டியைப் பத்தித்தான கேட்டீங்க? கேக்கலீங்களா? செரி, பாத்துக்கிட்டே இருந்தீங்க, அதான் கேக்கறாப்லன்னு நெனச்சேன். இது புது மாடல். போன மாடலும் எங்கிட்ட இருந்துச்சு. போன வருசம் நம்ம பசங்க லடாக் போனாங்க. நானும் வாரேன்னேன். நவநீதன் என் தோள்ல கைபோட்டு, "அண்ணா, உங்க வண்டி அந்த மலையைத் தாங்காதுங்கண்ணா. கம்பெனிக்காரன் புது மாடல் கொண்டு வர்றானாமா. அதை எடுங்க, அடுத்த தடவை கூட்டிட்டுப் போறோம்"னார். எத்தனை அக்கறை பாருங்க. அதே பழைய மாடல் வெச்சிருந்த ரெண்டு பசங்க நல்லாத்தான் போயிட்டு வந்தானுங்க. ஆனா அவனுங்க எளவட்டம், எங்க மாட்டுனாலும் தள்ளிக்குவாங்க. எனக்கு ஆகுங்களா?

புது மாடல் வந்த மொத வாரமே எடுத்துட்டேன். இந்தத் தடவை லடாக் போறது யார் யாருன்னு இன்னைக்கு வால்பாறையில சொல்றாங்க. அதுக்குத்தான் இந்த ரைடே. எம்பேரு இருக்கும். இல்லாம எப்படிப் போகும்? வண்டி எடுத்தா கூட்டிட்டுப் போறம்னு சொன்னாரில்ல. எடுத்தாச்சில்ல.

என்னென்ன மாத்தியிருக்கறான்னு பாருங்க. எஞ்சினு முன்னைக்குப் பெரிசு. டேங்கும் பெரிசு, ஒருக்கா ரொப்புனா இங்கிருந்து பெங்களூரு போய் எறங்கலாம். கம்பி சக்கரந்தான், ஆனா ட்யூப் கெடையாது, ஆணி ஏறுனாக் கூட அங்கயே அடைச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். குளிருக்குக் கைப்பிடி சூடாகும். பல்லடத்துல எதுக்குன்னு கேக்காதீங்க, லடாக்குல வேணும். இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்குது. இந்த ஸ்கிரீனைப் பாருங்க. இங்க ஒரு ஹெல்மெட் படம் தெரியுதுங்களா? பின் சீட்டுல ஆள் உக்காந்தா வண்டியே கண்டுபுடிச்சு, ஸ்பிரிங்கை அதுக்குத் தகுந்தாப்ல மாத்திக்கும். அப்ப ரெண்டு ஹெல்மெட் காட்டும். பின் சீட்டை எத்தனை அகலமாப் பண்ணியிருக்கறான், சாய்ஞ்சுக்கறதுக்கு முதுகு வேற. எனக்கு எப்பவும் ஒரு ஹெல்மெட்தான் காட்டுது. நெசமாலுமே ரெண்டு காட்டுமான்னு பாக்கறதுக்கு ஒரு நாள் அரிசி மூட்டையக் கட்டி ஊரைச் சுத்தி வந்தேன். காட்டுச்சு. கெட்டிக்கார வண்டிங்க.

எங்கூட்டுக்காரி ஏறுனதில்ல. அவ பேரு கமலவேணி. பெங்களூருல மகன் வூட்டுல இருக்கறா. பேத்திக்கு மொட்டையடிக்கறதுக்குன்னு போனவ, இப்பப் பேத்திக்கு ரெட்டைச் சடை போட்டு ஸ்கூலுக்கு அனுப்பிக்கிட்டிருக்கறா. அந்த ஊர்த் தண்ணி அவளுக்கு ஒத்துக்கிச்சு, வேறொண்ணுமில்ல. தெனமும் ஃபோன் பண்ணுவேன். ஸ்பீக்கர்ல போட்டு அடுப்புத் திட்டு மேல வெச்சுருவா. நான் பேசப் பேச அந்தப் பக்கம் கடுகு பொரியற சத்தம் கேக்கும். நடுநடுவுல 'ம்' கொட்டுவா. ஒரு நாள் நெம்ப நேரம் 'ம்' கொட்டுனது யாருன்னு பாத்தா, அங்க வேலைக்கு வர்ற பொண்ணு. நல்ல பொண்ணு, பொறுமையாக் கேட்டுக்கிச்சு.

தறி ஓடுனப்ப வூட்டுல பேச நேரமே கெடையாதுங்க. அப்ப எம்பேச்சைக் கேக்க யாராச்சும் இருந்தாங்களான்னே எனக்குத் தெரியாது, சத்தத்துல என்ன தெரியும். தறி போனதுக்கப்பறந்தான் வூடு வெறிச்சுன்னு ஆயிருச்சு. செவுத்துல பல்லி கத்துனாக் கூட, யாரோ கூப்புட்டாப்லன்னு திரும்பிப் பாக்கறேன்.

அது கெடக்குது உடுங்க. கம்பெனிக் கதைக்கு வாரேன்.

வல்செர்னா. பேரே எப்படி இருக்குது பாருங்க. இத்தாலியில மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. அங்க பியெத்ரோ வல்செர்னான்னு ஒருத்தர். மொதல்ல அவர் பண்ணுனது மோட்டார் சைக்கிளே கெடையாதுங்க. தண்ணி எறைக்கற பம்பு. நம்ம கோயமுத்தூர்க்காரங்க மாதிரிதான். உலகச் சண்டை முடிஞ்ச சமயம், ரோடு பாலமெல்லாம் ஒடைஞ்சு கெடக்குது. மலை மேல பண்ணைங்கள்ல பாலைக் கறந்து வெச்சுட்டு, கீழ கொண்டு வர வழியில்லாம மண்ணுல ஊத்தறாங்க. இவர் பாத்தார். பம்பு மோட்டாரைத் தூக்கி ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல மாட்டி, ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கறாப்ல ஒரு வண்டி பண்ணீட்டார். இந்தா, பின்னால ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டியிருக்குதில்ல? இது அந்தப் பால் கேன் தொங்குன எடந்தான். இதை நான் சொன்னா சபரீசன், "இன்னைக்குப் பால் எத்தனை லிட்டருங்கண்ணா"ன்னு கேப்பான். தமாஸான பையன்.

இப்ப டேங்கைப் பாருங்க. ஒரு அரிக்கேன் லைட்டுப் படம் இருக்குதா? அதுக்கு ஒரு கதை இருக்குதுங்க. புதுசாப் பண்ணுன வண்டியை ஓட்டிப் பாக்கறதுக்கு லூக்கான்னு ஒரு தொழிலாளி மலைக்குப் போனான். போன எடத்துல பனி கொட்டிருச்சு. சாயங்காலம் ஆகியும் ஆளைக் காணோம். அல்லாரும் வூட்டுக்குக் கெளம்பறாங்க. பியெத்ரோ கேட்டைச் சாத்தக் கூடாதுன்னுட்டார். கேட்டுல ஒரு அரிக்கேனைத் தொங்க உட்டு, அதுக்குக் கீழ தானே நாற்காலியப் போட்டு உக்காந்துட்டார். பொண்டாட்டி வந்து கூப்புட்டாச்சு, பாதிரியார் வந்து கூப்புட்டாச்சு. அல்லார்த்துக்கும் ஒரே பதிலு. "எங்க ஆளு ஒருத்தன் வெளிய இருக்கறான்." அவ்வளவுதான். பனி விட்டதுக்கப்பறம் லூக்கா வந்து சேந்தான், வண்டியத் தள்ளிக்கிட்டே. அரிக்கேன் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாமா. அன்னைலருந்து அதுதான் கம்பெனிக்கு அடையாளம்.

எங்க ஆளு ஒருத்தன் வெளிய இருக்கறான். இதைச் சொல்றப்பெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கீருதுங்க தம்பி. எத்தனை தடவை சொன்னாலும் கலங்குது.

பியெத்ரோ போனதுக்கப்பறம் பசங்களுக்குள்ள ஆகல. கம்பெனி படுத்துருச்சு. ரெண்டு மூணு கை மாறி, இப்ப வேற ஆளுங்க நடத்தறாங்க. பழைய மாடல்ல இந்த அரிக்கேனைப் பித்தளையில பண்ணி வெச்சிருப்பான், விரல்ல தடவுனா மேடு பள்ளம் தெரியும். புது மாடல்ல ஸ்டிக்கர். எடை கொறையுதாமா. அதுவும் அப்கிரேடுதானுங்க.

இந்தக் கதையத்தான் நான் குரூப்புல தெனமும் காலையில கொஞ்சங் கொஞ்சமாப் போடுவேன். வாட்ஸப்புல. அதான் எனக்குக் 'கம்பெனி அண்ணன்'னு பட்டம். அப்பறம் நவநீதன் ஒரு மாத்தம் கொண்டு வந்தார். இனி அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும், மத்தவங்க படிச்சுக்கலாம். குரூப்பு பெரிசாகிருச்சில்ல, ஒழுங்கு வேணுமில்ல. நான்தான் மொத ஆளாக் கையெடுத்துக் கும்புட்டேன். கும்புட்ட படம் போட முடியல, மனசுல கும்புட்டுக்கிட்டேன்.

ஹெல்மெட்டுக்குள்ள மைக்கு இருக்குது. அல்லாரும் ஓட்டிக்கிட்டே பேசிக்கலாம். நான் மைக்குலயும் சொல்லிக்கிட்டு வருவேன், வழி நெடுகிலும். போன ரைடுல நவநீதன் சொன்னார், "அண்ணா, உங்க கொரல் மட்டும் ஒடைஞ்சு ஒடைஞ்சு வருது, எங்க லைனையும் சேத்துக் கெடுக்குது, கொஞ்சம் ஆஃப் பண்ணி வெச்சுக்கங்க"ன்னு. எனக்கு அவங்க பேசறது மணியாட்டம் கேக்குது. என்னுது மட்டும் அவங்களுக்கு ஒடையுதாமா. கடையில காட்டுனேன், ஒரு கோளாறும் இல்லைங்கறான். அவனுக்கு என்ன தெரியும்? ஓடற வண்டியில பாத்தாத்தான தெரியும். அதனால இன்னைக்குக் காலையில கெளம்புனதுலருந்தே ஆஃப்தான்.

ஃபோன் பண்ணலீங்களான்னு கேக்கறீங்களா? பண்ணாம இருப்பனா. நவநீதனுக்கு அடிச்சேன், எடுக்கல. ஓட்டறப்ப எடுக்கக் கூடாது, அது செரி. சபரீசனுக்கு அடிச்சேன், பிஸி பிஸின்னே வருது. பஞ்சராகி எங்கயாச்சும் நிக்கறானோ என்னமோ, பாவம். டீக்கடை அம்மா கூட, "அட போங்க சாமி, அவங்க அந்தப் பக்கம் போய்ச் சேந்திருப்பாங்க"ன்னு சொல்லுது. நம்ம மொறை அதுக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்குக் கெளம்பிப் போயிட்டா, பின்னால வர்ற சபரீசன் இந்தப் பிரிவுல வந்து எந்தப் பக்கம்னு முழிப்பான். அப்பறம் வால்பாறையில பேரு படிக்கறப்ப, 'எடத்தை உட்டு வந்தவரு'ன்னு ஆயிரும். லடாக்குல ஒரு ஆளை நம்பி நிறுத்தோணுமில்லைங்களா? அதுக்குத்தான் இந்த நிக்கறதெல்லாம்.

பொறுங்க, ஃபோன்ல என்னமோ வருது. குரூப்புதான். நவநீதன் படம் போட்டிருக்கறார். அட, ஆளியார் டேம்! மலையடிவாரத்துக்குப் போய்ச் சேந்துட்டாங்க. பாருங்க தம்பி, வெயில் கொஞ்சம் மறைக்குது, இப்படித் திருப்பிக்கங்க. இவர்தான் நவநீதன், செகப்புச் சட்டை. பார்வையே லீடராட்டம் இருக்குதில்ல? வரிசையா வண்டிய நிறுத்தி, முன்னால நின்னு எடுத்திருக்கறாங்க. அல்லார் மொகத்துலயும் சிரிப்பு. கீழ என்ன எழுதியிருக்கறார்... கண்ணாடி எங்க... நீங்களே படிங்க தம்பி.

'அல்லாரும் வந்து சேந்தாச்சு. இதுதான் நம்ம லடாக் டீம்.'

ஓ. வால்பாறையில சொல்றதா இருந்துச்சு. முன்னாடியே சொல்லிட்டார் போல.

நான் எங்கன்னு தேடறீங்களா? அதுல நான் இருக்க மாட்டேனுங்க. படம் எடுக்கறவன் படத்துல வரமாட்டானில்ல. நான்தான் படம் எடுத்துட்டிருக்கறேன்னு நெனச்சிருப்பாங்க.

ஆமாங்க. அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. கூட்டத்துல ஒருத்தன் கொறைஞ்சா, அவன் படம் எடுக்கப் போயிருக்கறான்னுதான தோணும்.

குடுங்க, ஒரு நிமிசம். இந்த ஓரத்துல நிக்கறது யாரு? பெரிசு பண்ணுங்க, ரெண்டு விரல்ல. கையில வடையோட நிக்கறானே. அட, சபரீசன்.

இவன் எப்படி எனக்கு முன்னால போனான்? என்னைத் தாண்டிப் போகவே இல்லீங்க. நான் கண்ணு இமைக்கல. ஒருவேளை... அவனுக்குப் பொள்ளாச்சியில மாமனார் வூடு. உடுமலையில பிரிஞ்சு வேற ரோட்டுல போயி, காலைச் சோத்தை அங்க முடிச்சுட்டுப் போயிருப்பான். போகட்டும், அதுல தப்பில்ல. நான் மாமனார் வூட்டுக்குப் போயிட்டு வாரேன், பின்னால யாரும் இல்லைன்னு மைக்குல சொல்லியிருப்பான். சொல்லாமப் போற பையன் கெடையாது. அல்லார்த்துக்கும் கேட்டிருக்கும். என்னுதுதான் ஆஃப்பாச்சே.

அவன் மேல தப்பு சொல்ல முடியாதுங்க. நவநீதன் மேலயும் சொல்ல முடியாது. ஆனா ஒருத்தரு... இத்தனை பேருல ஒருத்தரு, அந்தக் கம்பெனி அண்ணன் எங்கப்பான்னு கேட்டிருக்கலாமில்லைங்களா? கேட்டிருப்பாங்க. படம் எடுத்து முடிச்சதும் கேட்டிருப்பாங்க. இப்ப ஃபோன் வரும் பாருங்க.

கொஞ்சம் இருங்க, சத்தம் கூட்டித்தான் வெச்சிருக்கறனான்னு பாக்கறேன். கூட்டித்தான் வெச்சிருக்கறேன்.

நீங்க சொல்றது செரிதானுங்க தம்பி. இங்கிருந்து ஆளியார் எத்தனை தூரம், இந்த வண்டியில ஒரு நொடி. போய் நின்னா, "அட அண்ணா, வாங்க வாங்க"ம்பாங்க. சொல்லிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. எனக்கு அந்தப் 'பாத்துக்கறது' தெரியுமுங்க. அவ்வளவு வெவரங்கெட்ட ஆளுன்னு நெனச்சுட்டீங்களா? எங்கூட்டுலயும் நான் உள்ள நொழஞ்சதும் அப்படித்தான் பாத்துக்குவாங்க. அப்பறம் நான் பேச ஆரம்பிச்சுருவேன். பேசுனா அது தெரியாது. பேச்சை நிறுத்துனாத்தான் தெரியும்.

வூட்டுக்குத் திரும்பிப் போலாம்னா, அங்க என்ன இருக்குதுங்க? பல்லி இருக்குது.

கஷ்டமா இருக்குதுங்க தம்பி. மறைக்க என்ன இருக்குது. நெம்பக் கஷ்டமா இருக்குது.

அதுதானுங்க உங்க பஸ்ஸு. ஆமா, ஆனைமலைன்னுதான் போட்டிருக்குது. ஜாரை எடுத்துக்கங்க, மறந்துட்டுப் போயிராதீங்க. இத்தனை நேரம் உக்காந்து கேட்டீங்களே, பெரிய விசயம். உங்க பேரைக் கூட நான் கேக்கல பாருங்க. நேரமில்லீங்க, ஏறுங்க, அவன் நிறுத்த மாட்டான்.

தம்பி, ஒரே ஒரு உதவி. எடது பக்கத்து ஜன்னலோரமா உக்காருங்க. பஸ்ஸு இந்தப் பிரிவுல திரும்பறப்ப என்னைத் தாண்டித்தான் போகும். அப்ப ஜன்னல் வழியாக் கையை நீட்டி, இந்தா, இப்படிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போங்க. வேறொண்ணும் வேண்டாம். அதைப் பாத்துட்டா நான் கெளம்பீருவேன். எந்தப் பக்கம்னு அப்பறமாப் பாத்துக்கறேன்.

மறந்துராதீங்க. நான் பாத்துக்கிட்டே நிப்பேன்.